நைனித்தால்: சரிந்த மலையின் மேல் ஒரு சந்தை

மே மாதம் பிறந்து, லூ என்னும் அனற்காற்று வீசத் தொடங்கியதும், தில்லியிலும் கான்பூரிலும் லக்னோவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு எழும். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போவதா, மலைக்குப் போவதா? ஊர் என்றால் நெடுந்தூர இரயில் பயணம். போய்ச் சேர்ந்த இடத்திலும் வெயில்தான். மலை என்று முடிவாகிவிட்டாலோ, பலருடைய வாயில் முதலில் வரும் பெயர் நைனித்தால். இரவு தில்லியில் வண்டி ஏறினால் விடியற்காலையில் காத்கோதாம். அங்கே இருப்புப்பாதை முடிந்துவிடுகிறது. பிறகு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மலைச்சாலை. வளைவுக்கு வளைவு காற்றுக் குளிர்ந்துகொண்டே வரும். கடைசி வளைவைத் தாண்டியதும், மலைகளின் நடுவே கிண்ணத்தில் ஊற்றி வைத்தாற்போல ஒரு நீர்ப்பரப்பு கண்ணிற்படும்.

அந்த நீர்ப்பரப்பைத் தமிழில் ஏரி என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. ஆயினும் அச்சொல் இங்கே முழுதும் பொருந்தவில்லை. நம் நாட்டில் ஏரி என்றால் கரை கட்டித் தேக்கியது. மதகும் கலிங்கும் உடையது. கீழே வயல் இருக்கும். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்கள், முதற் பராந்தகன் காலத்திலேயே ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்று ஒரு குழு தேர்ந்தெடுக்கப்பட்டதை அறிவார்கள். நம் மலை வாழிடங்களில் உள்ளவை சிலவும் மனிதர் கட்டியவையே. உதகமண்டலத்து ஏரியை 1820-களில் அமைத்தவர் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன். கொடைக்கானல் ஏரியை 1863-இல் அணை கட்டி உண்டாக்கியவர் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு. அவ்விரண்டிலும் வெள்ளைக்காரர் மலைக்குக் குடிவந்தார்கள். பிறகு தங்கள் பொழுதுபோக்குக்கு ஏரி வெட்டிக்கொண்டார்கள். நைனித்தாலிலோ ஏரி முன்னமே இருந்தது. அதற்கு உரிமையுடையவர்களும் இருந்தார்கள். இந்த வேறுபாட்டிலிருந்தே நைனித்தாலின் கதை தொடங்குகிறது.

நிலப்பிளவு ஒன்று ஓடும் பள்ளத்தில் இயற்கையாக அமைந்த நீர்நிலை இது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 6,350 அடி உயரத்தில், ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும், மிக ஆழமான இடத்தில் ஏறக்குறைய 27 மீட்டர் ஆழமும் உடையது. தட்சன் மகளாகிய சதியின் உடலைச் சிவபெருமான் சுமந்து சென்றபோது கண் விழுந்த இடம் இதுவென்றும், அதனால் கரையில் கோயில் கொண்ட அம்மைக்கு நயனா தேவி என்று பெயரென்றும் சொல்வர். அத்திரி, புலத்தியர், புலகர் என்ற மூன்று முனிவர் தவமிருந்தபோது நீரின்றிப் பள்ளம் தோண்டி மானசரோவரத்தின் நீரை வருவித்தார்கள் என்பது மற்றொரு கதை. அதனால் இதற்குத் திரிரிஷி சரோவரம் என்ற பெயரும் உண்டு. சுற்றுப்புறக் கிராமத்தார் இதன் கரையில் ஆண்டுக்கொரு முறை கூடி வழிபட்டுக் கலைந்தார்கள். குடியேறி வாழ்ந்தாரில்லை. தெய்வத்தின் இடம் என்று விட்டுவைத்தார்கள்.

கூர்க்கர்களோடு நடந்த போரின் விளைவாக 1815-இல் குமாவுன் நாடு கும்பினியாரின் ஆட்சிக்கு வந்தது. தொடக்க காலத்தில் கமிஷனராயிருந்த டிரெயில் என்பவர் இவ்வேரியைப் பார்த்திருந்தும் தம் நாட்டவருக்கு அதைப்பற்றி வாய் திறக்கவில்லை என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. இடத்தின் புனிதம் கெடக்கூடாது என்று எண்ணினாராம். ஆள வந்தவர்களில் அப்படி எண்ணியவரும் ஒருவர் இருந்தார் என்பதைக் குறித்து வைக்கலாம். ஆனால் இரகசியம் நீடிக்கவில்லை.

ஷாஜஹான்பூருக்கு அருகில் ரோஸா என்னும் ஊரில் சர்க்கரைத் தொழில் நடத்திவந்த பாரன் என்ற ஆங்கில வியாபாரி, மலைகளில் சுற்றுவதில் பெரு விருப்பமுடையவர். 1841-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் இங்கு வந்தார். கண்டதும் மனத்தைப் பறிகொடுத்தார். 'யாத்திரிகன்' என்னும் புனைபெயரில் செய்தித்தாள்களுக்கு எழுதினார். பின்னர் 1844-இல் ஆக்ராவில் தம் பயணக் குறிப்புகளை நூலாகவும் வெளியிட்டார். தமக்கென்று ஒரு வீடு கட்டி அதற்கும் அப்புனைபெயரையே சூட்டினார். கமிஷனர் லஷிங்டனும் அதே காலத்தில் வீடு கட்டத் தொடங்கவே, நிலம் கேட்டு மனுக்கள் குவிந்தன.

இதற்கிடையில் நர்சிங் என்ற தோக்தார் குறுக்கிட்டார். தோக்தார் என்பவர் பல கிராமங்களுக்குத் தலைவர். நம்மூரில் நாட்டாண்மைக்காரர் என்போமே, அத்தகையவர். ஏரியும் சுற்றியுள்ள மலைச்சரிவும் தமக்குரியவை என்றார் அவர். பாரன் கீழ்நாட்டிலிருந்து ஒரு படகைச் சுமைகாரர்களைக் கொண்டு மலைமேல் ஏற்றிக் கொணர்ந்திருந்தார். அந்நீர் அதுவரை அத்தகைய படகைக் கண்டதில்லை. தோக்தாரை நயமாகப் பேசிப் படகில் ஏற்றி, ஏரியின் நடுவுக்கு ஓட்டிச் சென்றார். நீந்தத் தெரியாத அம்மனிதரிடம் குறிப்பேட்டையும் பென்சிலையும் நீட்டி, உரிமை இல்லை என்று எழுதிக் கையெழுத்திடும்படி கேட்டார். மறுத்தால் என்ன ஆகும் என்பதைச் சுற்றியிருந்த ஆழம் சொல்லியது. நர்சிங் கையெழுத்திட்டார்.

இந்நிகழ்ச்சியைப் பகைவர் எவரும் கட்டிச் சொல்லவில்லை. பாரனே தம் நூலில் எழுதியிருக்கிறார், அதுவும் வேடிக்கையாக. நூறாண்டுகளுக்கு மேலாகச் சுற்றுலா நூல்களும் அதை வேடிக்கையாகவே திருப்பிச் சொல்லிவருகின்றன. இன்று வாடகைப் படகில் ஏறி, குழந்தைகளோடு ஏரி நடுவில் நிலக்கடலை கொறிக்கும் நமக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். அந்தத் தோக்தாரின் இடத்தில் நம்முடைய பாட்டனார் உட்கார்ந்திருந்ததாக எண்ணிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஊர் விரைந்து வளர்ந்தது. 1845-இல் நகராட்சி அமைந்தது. இந்தியாவின் மிகப் பழைய நகராட்சிகளில் இதுவும் ஒன்று. அல்மோராவிலிருந்து வந்த மோதிராம் ஷா என்ற வணிகர் ஒப்பந்தம் எடுத்து வெள்ளையருக்கு வீடுகள் கட்டிக் கொடுத்தார். நயனா தேவிக்குக் கோயிலும் எழுப்பினார் என்று ஊர் வரலாறு கூறுகிறது. ஏரியின் மேல் தலைப்பில் ஒரு சந்தையும் கீழ்த் தலைப்பில் ஒரு சந்தையும் உண்டாயின. குமாவுனி மொழியில் 'மல்லி' என்றால் மேல், 'தல்லி' என்றால் கீழ். நம் ஊர்களில் மேலத்தெரு, கீழத்தெரு என்பதுபோல மேல் ஏரிக்கரை மல்லித்தால், கீழ் ஏரிக்கரை தல்லித்தால். பேருந்து வந்து நிற்பது தல்லித்தால். பெரிய கடைவீதி உள்ளது மல்லித்தால். இரண்டையும் இணைப்பது கரையோரமாகச் செல்லும் மால் சாலை. அதற்கு இப்போது உத்தரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராயிருந்த கோவிந்த வல்லப பந்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் குமாவுன் மண்ணின் மைந்தர். நைனித்தாலில் வழக்கறிஞராகவும் இருந்தவர். மால் சாலை மேல், கீழ் என்று இரு தளமாக ஓடுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் மேல் தளத்தில் இந்தியர் நடக்க இடமில்லை என்று ஊரார் இன்றும் சொல்வார்கள்.

1857-இல் ரோகில்கண்டிலிருந்து தப்பி வந்த ஆங்கிலக் குடும்பங்களுக்கு இவ்வூர் புகலிடமாயிற்று. அதே ஆண்டில் மறுபக்கத்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு, 'பான்சி கதேரா', அதாவது தூக்கு ஓடை, என்று இங்கே வழங்கும் ஓர் இடப்பெயர் சான்று. 1862 முதல் வடமேற்கு மாகாண அரசாங்கம் கோடைக்காலத்தில் இங்கு வந்து தங்கலாயிற்று. அரசாங்கம் வந்தால் குமாஸ்தாக்கள் வருவார்கள். குமாஸ்தாக்கள் வந்தால் கடைகள் வரும். வீடு கட்டச் சமநிலம் போதாமற் போகவே, சரிவுகளை வெட்டித் தளம் ஆக்கினார்கள். மரங்களை வெட்டினார்கள். குறிப்பாக வடகிழக்கே ஷேர்-கா-டாண்டா என்னும் மலைமுகத்தில் வீட்டின் மேல் வீடாக ஏறியது. ஆல்மா குன்று என்ற அதன் ஒரு பகுதி 1866-இலும் 1879-இலும் சரிந்து எச்சரிக்கை கொடுத்தது.

1880 செப்டம்பர் 16, வியாழக்கிழமை. மழை பிடித்தது. ஞாயிறு மாலை வரை மூன்று நாளில் 33 அங்குலம் பெய்ததாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. மதுரையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ இவ்வளவே என்று சொன்னால் நிலைமை விளங்கும். சனிக்கிழமை காலை பத்து மணியளவில், விக்டோரியா ஓட்டலின் பின்புறம் மண் சரிந்து விழுந்தது. ஓர் ஆங்கிலக் குழந்தையும் அதன் ஆயாவும் வேலைக்காரர் சிலரும் புதையுண்டார்கள். உடனே அதிகாரிகளும் சிப்பாய்களும் கூலியாட்களும் மண்வெட்டியோடு ஓடினார்கள். கமிஷனர் ஹென்றி ராம்சேயும் அங்கே நின்று வேலையை நடத்தினார். மழை விடவில்லை. தோண்டுகிறவர்கள் முழங்கால் அளவு சேற்றில் நின்று தோண்டினார்கள்.

பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி, மேலே இருந்த மலைமுகம் முழுவதுமாகக் கழன்றது. சில விநாடிகளுக்குள் எல்லாம் முடிந்தது. ஓட்டல் போயிற்று. அதன் கீழே இருந்த நயனா தேவி கோயில் போயிற்று. பெல் என்பவருடைய கடையும், மக்கள் கூடும் மண்டபமும் ஏரியை நோக்கி வாரிச் செல்லப்பட்டன. மண்ணும் பாறையும் நீரில் பாய்ந்த வேகத்தில் எழுந்த அலை, மறுகோடியில் தல்லித்தாலின் வடிகாலைத் தாண்டி வழிந்தது. இறந்தவர்கள் 151 பேர். அவர்களில் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் 43, இந்தியர் 108. காலையில் புதையுண்டவர்களை மீட்கச் சென்றவர்களே பிற்பகலில் பெரும்பாலும் மாண்டார்கள்.

ஊருக்கு வெளியே காட்டோரம் இருக்கும் செயிண்ட் ஜான் தேவாலயத்தில் மாண்டவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று உண்டு. மண்வெட்டியோடு ஓடிய இந்தியச் சிப்பாய்களும் கூலிகளும் ஓட்டற் பணியாட்களும், பெரும்பாலான நூல்களில் 108 என்ற ஓர் எண்ணாகவே நிற்கிறார்கள்.

மலை ஏன் விழுந்தது? இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவரைத் தமிழர் அறிந்திருக்கவேண்டும். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த மிடில்மிஸ் 1890-இல் நைனித்தாலைப்பற்றி எழுதினார். அவருக்குப் பின் அதே துறையின் தாமஸ் ஹாலண்டு இச்சரிவுகளின் உறுதியை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். இந்த ஹாலண்டுதான் சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள கருங்கல்லுக்குச் சார்னொக்கைட் என்று பெயரிட்டவர். கல்கத்தாவில் ஜோப் சார்னக்கின் கல்லறை மேல் கிடக்கும் பலகை அந்தக் கல்லே என்பதால் வைத்த பெயர் அது. பல்லாவரத்துக் கல் அசையாதது. பல கோடி ஆண்டுகள் இறுகியது. நைனித்தாலின் வடகிழக்குச் சரிவோ சிலேட்டுப் பாறை. ஏடு ஏடாகப் பிரியும். நீர் புகுந்தால் நெகிழும். ஏரியின் மறுகரையிலுள்ள அயார்பட்டா மலை சுண்ணாம்புப் பாறையால் ஆனது. ஒப்பு நோக்க உறுதியானது. ஒரே ஊரில் எதிரெதிராக இரண்டு மலைகள். ஒன்றை நம்பலாம், மற்றதை முழுதும் நம்பவியலாது. நிலப்பிளவு இரண்டுக்கும் நடுவே ஏரியின் அடியிற் செல்கிறது.

இவ்வுண்மையை அறிவியலார் எழுதுமுன்பே ஒரு பெண்மணி செயலிற் காட்டினார். ஊர்த் தபால் அதிகாரியின் மனைவியாகிய மேரி ஜேன் கார்பெட், ஆல்மா குன்றில் இருந்த தம் வீட்டைப் பிரித்து, மரத்தையும் கல்லையும் எதிர்க்கரைக்குச் சுமந்து செல்லச்செய்து அயார்பட்டாவில் புதுவீடு கட்டினார். 1881-இல் கணவரை இழந்து, பல குழந்தைகளோடு தனித்து நின்ற நிலையில் செய்த காரியம் அது. அக்குழந்தைகளில் ஒருவர், 1875-இல் இவ்வூரிற் பிறந்த ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியவர் என்று உலகம் அவரை அறியும். அந்த வீடு இன்றும் நிற்கிறது.

அரசாங்கமும் பாடம் கற்றது, சற்றுத் தாமதமாக. ஷேர்-கா-டாண்டாவில் இருந்த ஆளுநர் மாளிகை நிலம் வெடித்ததால் கைவிடப்பட்டது. 1900-இல் எதிர்ப்புற மலைமேல் புது மாளிகை எழுந்தது. மலைமுகம் முழுவதும் வடிகால்கள் வெட்டினார்கள். இவ்வூரின் உண்மையான கட்டடக்கலை அதுவே என்பது என் கருத்து. மழை பெய்த இடத்திலேயே நீரைப் பிடித்து, பாறைக்குள் இறங்கவிடாமல், கல் பாவிய ஓடைகள் வழியே படிப்படியாக ஏரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவற்றின் வேலை. பெரிய ஓடைகள் பல பத்து. அவற்றிற் கலக்கும் கிளைகளுக்குக் கணக்கில்லை. 1927-இல் மலைச்சரிவுகளின் பாதுகாப்புக்கென்று ஒரு நிலைக்குழுவும் ஏற்பட்டது. மலை ஏறுகையில் சாலைக்கு நடுவே குறுக்கிடும் ஆழமான கற்கால்வாயைத் தாண்டிப் போகிறோமே, அதைக் குப்பைத்தொட்டி என்று எண்ணி உறையையும் புட்டியையும் எறிகிறோமே, அதுவே அந்த ஊரைத் தாங்கும் நரம்பு. அது அடைபட்டால் நீர் மண்ணுக்குள் புகும். மண்ணுக்குள் புகுந்தால் 1880 திரும்பும்.

இனி, சந்தைக்கு வருவோம். மல்லித்தாலில் ஏரித் தலைப்பில் பரந்து கிடக்கும் திடலைப் பிளாட்ஸ் என்பார்கள். அங்கே இளைஞர் பந்தாடுவர்; குடும்பங்கள் உலாவும்; சோளம் சுடுவோரும் பலூன் விற்போரும் திரிவர். திடலைச் சுற்றி நயனா தேவி கோயில், மசூதி, குருத்துவாரம் எல்லாம் அருகருகே உள்ளன. சற்று மேலே 1858-இல் தொடங்கிய மெதடிஸ்டு தேவாலயம். சமநிலம் அரிதான அவ்வூரில் இவ்வளவு பெரிய திடல் எங்கிருந்து வந்தது? முன்பே அங்கே சிறு மைதானம் இருந்ததுண்டு. 1880-இல் சரிந்த மலை அதன்மேல் படர்ந்து, ஏரிக்குள்ளும் நீண்டு, அதைப் பெரிதாக்கிற்று. நாம் சால்வைக்குப் பேரம் பேசி நிற்கும் தரை, விழுந்த மலை. அதன் கீழே மீட்கப்படாத உடல்களும் உண்டு. கோயிலைப் புது இடத்தில், திடலின் ஓரத்தில் எழுப்பினார்கள். மோதிராம் ஷாவின் மகன் அமர்நாத் ஷா அதைக் கட்டுவித்தார் என்பர்.

கோயிலை ஒட்டித் திபெத்தியர் கடைகள். கம்பளி உடை, தொப்பி, காலுறை, பாசிமணி. இக்கடைகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. குமாவுனின் வடகோடிப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த போட்டியா மக்கள், நூற்றாண்டுக் கணக்காகக் கணவாய் தாண்டித் திபெத்திலிருந்து உப்பும் வெண்காரமும் கம்பளி மயிரும் ஆட்டு முதுகில் ஏற்றிவந்து விற்றார்கள். 1962-இல் சீனப் போரோடு அவ்வாணிகம் அற்றது. அதற்கு மூன்று ஆண்டு முன்னர் தலாய் லாமாவைத் தொடர்ந்து வந்த அகதிகளின் வழியினர் இன்று கம்பளி விற்கிறார்கள். இழந்த கணவாயின் இடத்தில் ஒரு கடைவரிசை. பெரிய பஜாருக்குள் போனால் மெழுகுவத்திக் கடைகள்; பழம், பூ, விலங்கு என்று எல்லா வடிவிலும் மெழுகு. குழந்தைகள் இதைத் தின்னலாமா என்று கேட்கும் அளவுக்கு உண்மைபோல இருக்கும். மே, ஜூனில் ராம்கட், பவாலிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குமானியும் ஆடுவும் கூடை கூடையாக இறங்கும். காட்டில் விளையும் காபல் என்ற சிறு செம்பழத்தைக் கிழவிகள் உப்புத் தூவி விற்பார்கள். அல்மோராவின் பால் மிட்டாய் இல்லாமல் எவரும் ஊர் திரும்புவதில்லை. பெயரைக் கேட்டு நம்மூர்ப் பால்கோவா என்று ஏமாறவேண்டாம். கருஞ்சிவப்பாய் வறுத்த கோவாவின் மேல் வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள் ஒட்டியிருக்கும்.

இப்பொருள்களும் விருந்தினரின் பெட்டிகளும் முன்னாளில் மலையேறியது எப்படி? 1884-இல் காத்கோதாம் வரை இரயில் வந்தது. அதற்கு மேல் மனிதனின் முதுகே வாகனம். குமாவுனில் கூலி-பேகார் என்று ஒரு கொடுமை இருந்தது. அதிகாரிகளும் பயணிகளும் வரும்போது கிராமத்தார் முறைவைத்துச் சுமை தூக்கவேண்டும், பெயர்கள் பதிவேட்டில் இருக்கும், மறுக்க இயலாது. 1921 சனவரியில், மகரசங்கராந்தியன்று நடக்கும் உத்தராயணித் திருவிழாவில், பாகேசுவரத்தில் சரயு நதிக்கரையில் பத்ரி தத் பாண்டே முதலியோர் தலைமையில் கூடிய மக்கள், அப்பதிவேடுகளை ஆற்றில் எறிந்து, இனிச் சுமப்பதில்லை என்று சபதம் செய்தார்கள். அத்தோடு அவ்வழக்கம் ஒழிந்தது. நாம் பொங்கலிடும் நாளில் நடந்த செயல் அது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1929 சூனில், காந்தியடிகள் குமாவுனுக்கு வந்தபோது நைனித்தாலுக்கும் வந்தார். அருகிலுள்ள தாகுலாவில் தங்கினார்.

பள்ளிக்கூடங்களைப்பற்றி ஒரு சொல். 1869-இல் தொடங்கிய ஷெர்வுட் பள்ளியில் படித்தவர் பீல்டு மார்ஷல் மானெக்ஷா. அவர் ஓய்வுக்காலத்துக்குத் தேர்ந்துகொண்ட ஊர் நம் நீலகிரியின் குன்னூர். 2008-இல் வெலிங்டனில் காலமானார். இமயத்து மலையூரில் பயின்று தமிழ்நாட்டு மலையூரில் அடங்கியவர்.

நாடு விடுதலை பெற்றபின் நைனித்தால் ஆளுவோரின் ஊர் என்ற நிலை மாறி, எல்லோருடைய ஊரும் ஆயிற்று. இது மகிழ வேண்டியதே. மால் சாலையின் மேல் தளத்தில் இன்று யாரும் நடக்கலாம். 2000 நவம்பர் 9-இல் உத்தராகண்டம் தனி மாநிலமானபோது உயர்நீதிமன்றமும் இங்கே அமைந்தது. ஆனால் வருவோர் தொகை பெருகப் பெருக, ஓட்டலின் மேல் ஓட்டல் ஏறுகிறது. ஏரியே ஊருக்குக் குடிநீர். நல்ல பருவத்தில் ஊரார் குடிப்பதும், ஓட்டல்களில் நாம் குளிப்பதும் அதே நீர். ஊருக்கு மேலே சூகாத்தால் என்றொரு பள்ளம் இருக்கிறது. உலர்ந்த ஏரி என்று பொருள். மழைக்காலத்தில் நிறையும், பின்பு வற்றும். வற்றும் நீர் வீணாவதில்லை. நிலத்தடி வழியே இறங்கி நைனித்தாலுக்கு வந்து சேருகிறது. ரூர்க்கியிலுள்ள தேசிய நீரியல் நிறுவனம் இதனை ஆராய்ந்து, ஏரிக்கு நிலத்தடியாக வரும் நீரில் பெரும்பங்கு அங்கிருந்தே என்று கண்டது. காய்ந்த பள்ளந்தானே என்று அதில் கட்டட இடிபாட்டைக் கொட்டினார்கள், வீடு கட்டினார்கள், வண்டிகளை நிறுத்தினார்கள். 2017 கோடையில் ஏரி மட்டம் அஞ்சத்தக்க அளவு தாழ்ந்தது. கரையோரம் சேறு வெடித்துக் கிடந்தது. முன்னதாக, கழிவு சேர்ந்து ஆழத்து நீரில் உயிர்க்காற்று அற்றுப்போனதால், 2007 முதல் குழாய் வழியே காற்றைச் செலுத்திவருகிறார்கள். படுத்த நோயாளிக்குச் செய்வதுபோல.

ஏரிக்காக முதலில் வழக்காடியவர்களுள் ஒருவர் பொறியாளர் அல்லர், வரலாற்றாசிரியர். குமாவுனின் காடுகளைப்பற்றி எழுதிய பேராசிரியர் அஜய் ராவத், 1990-களில் உச்சநீதிமன்றத்தை அணுகி, கட்டடப் பெருக்கத்தையும் ஏரியின் மாசையும் தடுக்கவேண்டும் என்று முறையிட்டார். மலையைக் காத்த வடிகால்களும் குழுக்களும் எப்போது, ஏன் தோன்றின என்பதை அறிந்தவருக்கே அவை கைவிடப்படுவதன் பொருள் முதலில் விளங்கும் போலும்.

ஆவணி, புரட்டாசியில் போக வாய்த்தவர்கள் நந்தா தேவித் திருவிழாவைக் காணலாம். விடுமுறைக் கூட்டம் அப்போது இராது. ஊர் தன் இயல்பில் இருக்கும். வாழைமரத்தை மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து, அதன் தண்டில் நந்தை, சுநந்தை என்னும் இரு தேவியரின் உருவம் செய்து, சில நாள் கோயிலில் வைத்து வழிபட்டு, பின் ஏரியில் கரைப்பார்கள். குலை தள்ளிய வாழையை வாசலிற் கட்டிப் பழகிய நமக்கு, பனிமலை நாட்டில் வாழையைத் தெய்வமாக்கும் காட்சி வியப்பைத் தரும். ஏறத்தாழ அதே நாட்களில்தான் 1880-இல் மழை பிடித்தது.

அந்தப் பருவத்தில் தல்லித்தாலில், பேருந்து நிலையத்துக்கு அருகே சற்று நின்று பாருங்கள். ஏரி நிறைந்ததும் அங்குள்ள மதகுகளைத் திறப்பார்கள். வெளியேறும் நீர் பலியா ஓடையாக மலையிடுக்கில் பாய்கிறது. அந்த இடுக்கில் 1898 ஆகஸ்டிலும் மலை சரிந்து 28 பேர் மாண்டார்கள். அண்மை ஆண்டுகளிலும் அதன் கரை அரித்துக்கொண்டே வர, விளிம்பில் இருந்த குடும்பங்களை வேறிடத்துக்குக் கொண்டுசென்றார்கள். நீர் அங்கே நிற்பதில்லை. ராணிபாக் அருகே கௌலா ஆற்றில் சேர்ந்து, காத்கோதாமின் அணைக்கட்டை அடைகிறது. ஹல்துவானி நகரத்தார் குடிப்பது அந்த ஆற்றுநீர். தில்லி வண்டிக்காகக் காத்கோதாம் நிலையத்தில் நாம் நிரப்பிக்கொள்ளும் புட்டியிலும் அதுவே இருக்கக்கூடும்.